பழைய கேமரா, புதுக் கை: வாசகர் கேள்வி பதில்

டிஜிட்டலில் படம் எடுத்துப் பழகிய வாசகர்கள் பலர், வேறொருவர் பயன்படுத்திய மீடியம் ஃபார்மட் (35 மி.மீ.-ஐவிட அகலமான பிலிம் போடும்) பிலிம் கேமராவை வாங்கிவிட்டு, எதை முதலில் தொடுவது, எந்தப் பக்கம் திருப்புவது என்று தயங்கி இம்முறை எழுதியிருக்கிறார்கள். அந்தத் தயக்கம் நல்லதுதான். இந்தக் கேமராக்களுக்கு நேரும் சேதத்தில் பெரும்பகுதி, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியதை முன்பின்னாக மாற்றிச் செய்வதால் வருவது. ஆகவே பின்வரும் பதில்களில் வரிசை என்ற சொல் அடிக்கடி வரும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: யாஷிகா மேட் 124ஜி என்னும் இரட்டை லென்ஸ் கேமராவை வாங்கியிருக்கிறேன். விற்றவரிடம் கையேடு இல்லை. பிலிம் ரோலும் வாங்கி வைத்துவிட்டேன். உடனே போட்டுப் படம் எடுக்கத் தொடங்கலாமா?

வேண்டாம். ரோல் அதன் உறைக்குள்ளேயே இருக்கட்டும். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு வெறும் கேமராவை மட்டும் கையில் வைத்துப் பழகுங்கள். பழைய கேமராக்கள் பெரும்பாலானவற்றின் கையேடுகள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. உங்கள் மாடலுக்கு உரியதைத் தேடிப் படித்துவிட்டே, பிலிமை நகர்த்தும் சுழல் கைப்பிடியான க்ராங்கைத் தொடுங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்கள்கூட ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

முதலில் மேல்மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியை எழுப்பி, தேய்ப்புக் கண்ணாடியில் (பிம்பம் விழும் சொரசொரப்பான திரை) தெரியும் பிம்பத்தைப் பாருங்கள். மேல் லென்ஸ் நீங்கள் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு; ஃபோகஸ் குமிழைத் திருப்பும்போது இரண்டும் ஒன்றாகவே முன்னும் பின்னும் நகர வேண்டும். அடுத்து அப்பர்ச்சரை அகலத்திலிருந்து சிறிய துளை வரை மெல்ல மாற்றி, தகடுகள் தங்குதடையின்றி மூடுகின்றனவா, அவற்றில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். ஷட்டரை ‘பி’ நிலையில் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை திறந்திருக்கும்) திறந்து பிடித்தபடி பின்கதவு வழியாகப் பார்த்தால் லென்ஸின் உள்நிலை தெளிவாகத் தெரியும். கதவு திறந்திருக்கையில் உங்கள் கேமரா அதற்கு இடம் தராவிட்டால் முன்புறத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

பிறகு காதுக்கு வேலை கொடுங்கள். ஷட்டர் வேகத்தை ஒரு நொடிக்கு வைத்து அழுத்தினால், உள்ளே பல்சக்கரங்கள் சீராகச் சுழலும் மெல்லிய ‘ஸ்ர்ர்’ ஓசையும் முடிவில் ஒரு ‘க்ளிக்’கும் கேட்க வேண்டும். ஓசை பாதியில் திணறினாலோ, ஷட்டர் திறந்தபடியே நின்றுவிட்டாலோ, பல ஆண்டுகளுக்கு முன் இட்ட மசகு பிசினாக இறுகிவிட்டது என்று பொருள். செல்பேசியில் அந்த ஓசையைப் பதிவு செய்து, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே உள்ள நேரத்தை அளந்தால் ஒரு நொடி, அரை நொடி, 1/4, 1/8 ஆகிய வேகங்களை ஓரளவு துல்லியமாகச் சோதித்துவிடலாம். 1/125, 1/250 போன்றவற்றை இந்த முறையில் நம்ப முடியாது. அதற்குப் பழுதுபார்ப்பவரிடம் உள்ள கருவி வேண்டும், அல்லது இந்தப் பகுதியின் கடைசிப் பதிலில் சொல்லியிருக்கும் சோதனை ரோல் வேண்டும்.

செல்ஃப் டைமர் நெம்புகோலை மட்டும் தொடாதீர்கள். அதிகம் பயன்படுத்தப்படாமல் கிடந்த உறுப்பு அது. பாதி வழியில் சிக்கிக்கொண்டால் நன்றாக இருந்த ஷட்டரையும் சேர்த்து நிறுத்திவிடும். சில பழைய லீஃப் ஷட்டர்களில் (லென்ஸுக்குள் தகடுகளால் திறந்து மூடுபவை) 1/500 என்ற வேகத்துக்குத் தனியாக ஒரு சுருள்வில் உண்டு. அவற்றில் ஷட்டரை முறுக்கேற்றுவதற்கு முன்பே அந்த வேகத்தை வைத்துவிட வேண்டும். பொதுவாகவே, விரலின் இயல்பான பலத்துக்கு மேல் எந்த உறுப்பாவது எதிர்ப்புக் காட்டினால், அங்கேயே நிறுத்திவிட்டு எந்தப் படியைத் தவறவிட்டோம் என்று யோசிக்க வேண்டும்.

இவ்வளவும் கைக்குப் பழகிய பின், காலாவதியான ரோல் ஒன்றைப் பலிகொடுத்து, வெளிச்சத்திலேயே பலமுறை பிலிமைப் போட்டும் எடுத்தும் பாருங்கள். அதன் பிறகு நல்ல ரோலுக்கு வரலாம்.

கேள்வி: 35 மி.மீ. பிலிமுக்கு இருப்பது போல, இந்தக் கேமராக்களுக்கான 120 ரோலுக்கு டப்பா எதுவும் இல்லை. போடும்போதே வெளிச்சம் பட்டுவிடாதா? எனக்குக் கை நடுங்குகிறது.

120 பிலிமைக் கோடாக் நிறுவனம் 1901-இல் கொண்டுவந்தது. டப்பா இல்லாமலேயே அது இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கிறது என்றால், அதன் பின்னால் ஒட்டி வரும் காகிதமே காரணம். பிலிம் முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகமான நீளமே இருக்கும்; காகிதம் அதைவிட மிக நீளமானது, பிலிமுக்கு முன்னாலும் பின்னாலும் நீண்டு, ரோலைச் சுற்றி வெளிச்சம் புகாத போர்வையாக இருக்கிறது. பிலிமின் தொடக்க முனை மட்டும் ஒரு நாடாவால் இந்தக் காகிதத்தில் ஒட்டப்பட்டிருக்கும். மறுமுனை ஒட்டப்படாமல் விடப்பட்டிருக்கும். ஆகவே காகிதம் இறுக்கமாகச் சுற்றியிருக்கும் வரை பயமில்லை. நேரடி வெயிலில் மட்டும் போட வேண்டாம். நிழல் இல்லாத இடத்தில் உங்கள் உடம்பின் நிழலே போதும்.

இரட்டை லென்ஸ் கேமராக்களில் பொதுவாகக் கீழ் அறையில் புது ரோலும், மேல் அறையில் காலி ஸ்பூலும் இருக்கும். முந்தைய ரோல் முடிந்த பின் கீழே எஞ்சும் காலி ஸ்பூலை மேலே மாற்ற வேண்டும்; பலர் இதை மறந்துவிட்டு ஸ்பூலைத் தொலைத்துவிடுகிறார்கள். ஒட்டுத்தாளைக் கிழித்ததிலிருந்து ரோலின் மேல் ஒரு கட்டைவிரல் எப்போதும் அழுத்தியபடியே இருக்கட்டும். காகிதத்தின் நுனியைக் காலி ஸ்பூலின் நீண்ட பிளவுக்குள் நேராகச் செருகி, இரண்டு சுற்றுச் சுற்றி, இரு விளிம்புகளும் ஸ்பூலின் தட்டுகளுக்கு நடுவே கோணாமல் ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் அச்சிட்ட அம்புக்குறி கேமராவின் உட்புறத் தொடக்கக் குறிக்கு நேராக வந்ததும் நிறுத்திக் கதவை மூடி, க்ராங்க் தானாக நிற்கும் வரை சுற்றினால் முதல் ஃபிரேம் தயாராகிவிடும்.

எல்லாக் கேமராவிலும் அம்புக்குறி பார்க்கும் வழக்கம் கிடையாது என்பதை நான் ஒரு ரோலைப் பறிகொடுத்துக் கற்றேன். 1937-இல் அறிமுகமான ரோலைஃப்ளெக்ஸ் ஆட்டோமேட் வகைக் கேமராவில் தொடக்கக் குறி பார்க்கத் தேவையில்லை. காகிதத்தின் முனையைக் கீழே இருக்கும் இரண்டு சிறு உருளைகளுக்கு இடையில் நுழைத்துவிட்டால், பிலிம் தொடங்கும் இடத்தில் கனம் கூடுவதை உருளைகள் உணர்ந்து, எண்ணியைத் தாமாகவே ஓடவிடும். நான் காகிதத்தை அந்த உருளைகளின் மேலாகவே போட்டு, சாதாரண கேமராவைப் போல மேல் ஸ்பூலில் மாட்டிக் கதவை மூடிவிட்டேன். க்ராங்கைச் சுற்றினேன், சுற்றினேன், சுற்றிக்கொண்டே இருந்தேன். எந்த இடத்திலும் அது நிற்கவில்லை. கடைசியில் உள்ளே காகிதத்தின் வால் ‘படபட’வென அடிக்கும் ஓசை கேட்டபோதுதான், ஒரு படமும் எடுக்காமல் முழு ரோலும் மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது புரிந்தது.

பன்னிரண்டு படமும் முடிந்த பிறகு, காகிதம் முழுவதும் சுற்றிக்கொள்ளும் வரை க்ராங்கைச் சுற்றி, தளர விடாமல் வெளியே எடுத்து, முனையை மடித்து, ஒட்டுநாடாவை நனைத்து இறுக்கமாக ஒட்டுங்கள். எடுக்கும் நேரத்தில் காட்டும் அலட்சியமே போடும்போது நேரும் பிழையைவிட அதிகமாகப் பிலிமைக் கெடுக்கிறது.

கேள்வி: ஹாசல்பிளாட் 500 சி/எம் கேமராவில் லென்ஸைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு மீண்டும் மாட்டப் போனால் மாட்ட முடியவில்லை. பலம் கொடுத்துத் திருப்பலாமா?

திருப்பவே கூடாது. இந்தக் கேமராவில் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது. அதை முறுக்கேற்றும் க்ராங்க் உடலில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது, லென்ஸின் பின்புறத்தில் திருகுத் தலை போலத் தெரியும் ஒரு சிறு அச்சு. லென்ஸை மாட்டும் நேரத்தில் உடலும் முறுக்கேறியிருக்க வேண்டும், லென்ஸும் முறுக்கேறியிருக்க வேண்டும். நீங்கள் துடைத்துக்கொண்டிருந்தபோது விரலோ துணியோ அந்த அச்சில் பட்டு, ஷட்டர் விடுபட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

லென்ஸின் பின்புறத்தைப் பாருங்கள். அச்சின் பிளவு அருகில் உள்ள சிவப்புப் புள்ளிக்கு நேராக இருந்தால் லென்ஸ் முறுக்கேறிய நிலையில் இருக்கிறது; வேறு திசையில் இருந்தால் இல்லை. பொருத்தமான அகலமுள்ள தட்டைத் திருப்புளியை வைத்து, வலஞ்சுழியாக, ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்ளும் வரை நிதானமாகத் திருப்பினால் அது பழைய நிலைக்கு வரும். ஏறத்தாழ ஒரு முழுச் சுற்று ஆகும். உடலின் பக்கத்திலும் க்ராங்கைச் சுற்றி, பிம்பத்தை வியூஃபைண்டருக்குத் திருப்பும் உள்கண்ணாடி கீழிறங்கி வியூஃபைண்டர் வெளிச்சமாக இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு லென்ஸ் எந்த முரண்டும் இல்லாமல் மாட்டிக்கொள்ளும். லென்ஸ் கேமராவிலேயே மாட்டியபடி சிக்கிக்கொண்டால் நிலைமை வேறு. பிலிம் இருக்கும் பின்பெட்டியான மேகசினைக் கழற்றி, பின்புறம் வழியாக நீண்ட திருப்புளியை விட்டு அதே அச்சைத் திருப்பும் முறை ஒன்று உண்டு என்றாலும், முதல்முறை செய்பவர் அதை ஒரு பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுவதே நல்லது. பின் லென்ஸில் ஒரு கீறல் விழுந்தால் அதற்கு மருந்து கிடையாது.

படம் எடுத்தவுடன் வியூஃபைண்டர் இருண்டுபோவதைப் பழுது என்று நினைத்துப் பலர் பதறுகிறார்கள். அந்தக் கேமராவின் இயல்பே அதுதான். கண்ணாடி அடுத்து க்ராங்கைச் சுற்றும் வரை கீழே வராது. எடுத்த கையோடு சுற்றிவிடும் பழக்கம் வைத்துக்கொண்டால் உடலும் லென்ஸும் எப்போதும் முறுக்கேறிய நிலையிலேயே இருக்கும். சிக்கலில் பாதி அப்போதே தீர்ந்துவிடும்.

டார்க் ஸ்லைடு பற்றியும் ஒரு வார்த்தை. மேகசினுக்கும் உடலுக்கும் நடுவே செருகும் அந்த மெல்லிய உலோகத் தகடு உள்ளே இருக்கும்போது ஷட்டர் அழுந்தாது. அது வெளியே இருக்கும்போது மேகசின் கழலாது. பொத்தான் அழுந்தவில்லை என்றால் முதலில் தகட்டைப் பாருங்கள். மேகசினிலும் உடலிலும் உள்ள சிறிய அடையாளச் சாளரங்கள் இரண்டும் வெள்ளையாக இருக்கும்போது மட்டுமே மேகசினை மாற்றுங்கள். ஒன்று சிவப்பும் ஒன்று வெள்ளையுமாக இணைத்தால், ஒரு ஃபிரேம் வீணாகும் அல்லது ஒரே ஃபிரேமில் இரண்டு படம் விழும்.

கேள்வி: என் கேமராவில் லைட் மீட்டர் வேலை செய்யவில்லை. மீட்டர் இல்லாமல் எக்ஸ்போஷரை எப்படி முடிவு செய்வது?

இந்தக் கேமராக்களில் பலவற்றுக்கு மீட்டரே கிடையாது என்பதால், நீங்கள் எதையும் இழந்துவிடவில்லை. உங்கள் மீட்டர் உண்மையிலேயே செத்துவிட்டதா என்பதும் ஐயத்துக்குரியது. யாஷிகா மேட் 124ஜி போன்றவற்றின் மீட்டர்கள் 1.35 வோல்ட் தரும் பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டவை. அவை இப்போது கிடைப்பதில்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியைப் போட்டால் முள் நகரும். ஆனால் இருப்பதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாகக் காட்டிப் படத்தை இருட்டாக்கும். காதுகேட்கும் கருவிகளுக்கான துத்தநாக-காற்று பேட்டரி சுமார் 1.4 வோல்ட் தருவதால் ஓரளவு ஒத்துப்போகும். எப்படியானாலும் செல்பேசியில் உள்ள மீட்டர் செயலி ஒன்றுடன் ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்த முள்ளை நம்ப வேண்டாம். ரோலில் எழுதியிருக்கும் ஐஎஸ்ஓ எண்ணை மீட்டரில் நீங்களேதான் வைக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

மீட்டர் இல்லாதவர்களுக்கான பழைய விதி இது: தெளிவான வெயிலில் அப்பர்ச்சர் எஃப் 16 என்றால், ஷட்டர் வேகம் பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு நெருக்கமானதாக இருக்க வேண்டும். 100 என்றால் 1/125. 400 என்றால் 1/500. வெயில் மங்கினால் எஃப் 11, நன்றாக மேகம் மூடினால் எஃப் 8, வெளியே திறந்த நிழலில் எஃப் 5.6 அல்லது எஃப் 4. உதாரணமாக, 400 பிலிமுடன் ஒரு கட்டடத்தின் ஆழ்ந்த நிழலில் ஒருவரை எடுக்கிறீர்கள். விதிப்படி 1/500, எஃப் 4. உங்களுக்கு இன்னும் சற்று ஆழமான ஃபோகஸ் வேண்டும் என்றால் 1/250-க்கு எஃப் 5.6, 1/125-க்கு எஃப் 8 என்று ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் குறைத்துக்கொண்டே போகலாம். பிலிமில் விழும் ஒளியின் அளவு மாறாது.

ஐயம் வந்தால், நெகடிவ் பிலிமில் ஒரு நிறுத்தம், அதாவது இரு மடங்கு ஒளி, கூடுதலாகவே கொடுங்கள். அதிக ஒளியை நெகடிவ் தாங்கிக்கொள்ளும்; நிழலில் பதியாமல் போன விவரத்தை எந்த ஸ்கேனராலும் மீட்க முடியாது. நேர்ப்படமே தரும் ஸ்லைடு பிலிமில் இதற்கு நேர்மாறு என்பதால், மீட்டர் இல்லாமல் தொடக்கத்திலேயே ஸ்லைடு வாங்க வேண்டாம்.

கேள்வி: இடுப்பளவில் வைத்துக் குனிந்து பார்க்கும்போது எல்லாம் இடவலமாக மாறித் தெரிகிறது. ஒரு பக்கம் திருப்பினால் பிம்பம் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. இதற்கு வழி உண்டா?

பழகுவதுதான் வழி. பிம்பத்தில் ஒருவர் எந்த விளிம்பை நோக்கிப் போகிறாரோ, அந்த விளிம்பின் பக்கமாகவே கேமராவைத் திருப்பினால் அவர் இன்னும் விலகிப்போவார்; எதிர்ப்பக்கம் திருப்பினால் நடுவுக்கு வருவார். ஒரு வாரத்தில் கை இதைத் தானாகச் செய்யும். சாய்வுதான் கடைசி வரை தொல்லை கொடுக்கும்: கோடு சாய்ந்திருப்பது தெரிந்து நிமிர்த்தப் போனால் இன்னும் சாயும். தேய்ப்புக் கண்ணாடியில் கட்டக் கோடுகள் இருந்தால் அவற்றில் ஒன்றைக் கதவு நிலை, கம்பம் போன்ற செங்குத்தான ஒன்றுடன் பொருத்துங்கள்.

கேள்வி: முதல் ரோலில் பன்னிரண்டில் எட்டுப் படம் மங்கல். அருகில் எடுத்தவற்றில் தலையும் வெட்டுப்படுகிறது. லென்ஸில் கோளாறா?

இருக்கலாம்; ஆனால் முதல் ஐயம் லென்ஸ் மேல் வரக் கூடாது. 35 மி.மீ. கேமராவின் ஃபிரேம் 24×36 மி.மீ.; 6×6 என்று சொல்லப்படும் ஃபிரேம் உண்மையில் சுமார் 56×56 மி.மீ., அதாவது பரப்பில் மூன்றரை மடங்குக்கு மேல். இதற்கான இயல்பு லென்ஸ் 80 மி.மீ. குவியத் தூரம் கொண்டது. குவியத் தூரம் கூடினால் ஃபோகஸின் ஆழம் சுருங்கும். 80 மி.மீ. லென்ஸை எஃப் 3.5-க்குத் திறந்து, ஒன்றரை மீட்டர் தொலைவில் இருப்பவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 12 செ.மீ. அளவுதான். இமையில் ஃபோகஸ் செய்துவிட்டு நீங்கள் மூச்சு வாங்குவதற்குள் அவர் சற்றே முன்னால் சாய்ந்தால், தெளிவு காது மடலுக்குப் போய்விடும். எஃப் 8-க்கு மூடினால் அதே தொலைவில் ஒரு சாணுக்குச் சற்று மேல் கிடைக்கும். ஆகவே பழகும் காலத்தில் எஃப் 8-க்கு மேல் திறக்காதீர்கள். உருப்பெருக்கியை எழுப்பாமல் ஃபோகஸ் செய்யாதீர்கள்.

அடுத்தது நடுக்கம். மங்கல் எல்லாத் தொலைவிலும் ஒரே மாதிரி, ஒரு திசையில் இழுத்தது போல இருந்தால் அது கை அசைந்ததன் விளைவு. படத்தில் வேறெங்காவது ஒரு பொருள் கூர்மையாக இருந்தால் அது ஃபோகஸ் பிழை. இரட்டை லென்ஸ் கேமராவில் எழும்பி விழும் கண்ணாடி இல்லாததால், கழுத்துப் பட்டையைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்தபடி 1/60 வரை, பழகிய பின் 1/30 வரைகூடச் சமாளிக்கலாம். கண்ணாடி எழும்பும் பெரிய கேமராக்களில் 1/125-க்குக் கீழே ட்ரைபாடும் கேபிள் ரிலீஸும் இல்லாமல் நான் இறங்குவதில்லை.

ஒவ்வொரு படமும் கூர்மையாக, ஆனால் நீங்கள் ஃபோகஸ் செய்த இடத்துக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ ஒரே அளவில் தள்ளி விழுந்திருந்தால் மட்டுமே கேமராவைக் குறைசொல்ல வேண்டும். மேல் லென்ஸும் கீழ் லென்ஸும் ஒத்துப்போகவில்லை, அல்லது யாரோ தேய்ப்புக் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். தேய்ப்புக் கண்ணாடியின் சொரசொரப்பான பக்கம் லென்ஸ் இருக்கும் கீழ்ப்பக்கத்தை நோக்கி இருக்க வேண்டும் என்பதே வழக்கமான அமைப்பு.

அருகில் எடுத்த படங்களில் தலை வெட்டுப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மேல் லென்ஸ் பார்ப்பதைக் கீழ் லென்ஸ் சில செ.மீ. கீழிருந்து பார்க்கிறது. ட்ரைபாடில் வைத்து எடுத்தால், சட்டகத்தை அமைத்த பிறகு இரண்டு லென்ஸ்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் அளவு கேமராவை உயர்த்திவிட்டு அழுத்துங்கள்.

கேள்வி: நெகடிவின் ஓரங்களில் கருமையான கறைகள் இருக்கின்றன. எங்கிருந்து வெளிச்சம் புகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கறை எங்கே முடிகிறது என்று பாருங்கள். ஃபிரேமுக்கு வெளியே, பிலிமின் வெற்று ஓரம் வரை அது நீண்டிருந்தால், ஒளி பிலிமுக்குப் பின்பக்கமிருந்து, அதாவது கதவு, மேகசின், அல்லது ரோலைக் கையாண்ட விதத்தால் வந்திருக்கிறது. கறை ஃபிரேமின் எல்லைக்குள்ளேயே வெட்டியது போல நின்றிருந்தால், ஒளி முன்புறத்திலிருந்து, பெல்லோஸின் (லென்ஸையும் உடலையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி) துளையோ ஷட்டரோ வழியாக வந்திருக்கிறது. பெல்லோஸைச் சோதிக்க இருட்டறையில் உள்ளே டார்ச்சை வைத்து மடிப்புகளின் மூலைகளைப் பாருங்கள். நட்சத்திரம் போலப் புள்ளி தெரிந்தால் அங்கே துளை.

ரோலைத் தளர விட்டதால் வந்த கறைக்கும் ஓர் அடையாளம் உண்டு. புது ரோலில் முதல் ஃபிரேம் வெளிச்சுற்றில் இருக்கும். எடுத்து முடித்த ரோலில் கடைசி ஃபிரேம் வெளிச்சுற்றில் இருக்கும். எனவே ஓரக் கறை 11, 12-ஆம் படங்களில் அதிகமாகவும் முன்னோக்கிப் போகப் போகக் குறைவாகவும் இருந்தால், தவறு கேமராவில் இல்லை; எடுத்த பிறகு நீங்கள் ரோலைப் பிடித்த விதத்தில் இருக்கிறது. முதல் படங்களில் அதிகம் என்றால் போடும்போது நேர்ந்தது. எல்லா ஃபிரேமிலும் ஒரே இடத்தில் என்றால், கதவின் ஓரத்தில் உள்ள நுரைப் பட்டை பொடிந்திருக்கும். அதை மாற்றுவது எளிது, வீட்டிலேயே செய்யலாம்.

கேள்வி: மடக்குக் கேமரா ஒன்றின் பின்புறம் சிவப்புச் சாளரம் இருக்கிறது. அதில் தெரியும் எண்களில் எதைப் பின்பற்றுவது?

காகிதத்தில் ஃபிரேமின் அளவுக்கு ஏற்ப மூன்று வரிசை எண்கள் உண்டு: 6×9-க்கு எட்டு, 6×6-க்குப் பன்னிரண்டு, 6×4.5-க்குப் பதினாறு. சாளரம் எந்த வரிசைக்கு நேராக வெட்டப்பட்டிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். சில பழைய 6×4.5 கேமராக்களில் இரண்டு சாளரங்கள் இருக்கும். அவற்றில் 6×9-இன் ஒவ்வோர் எண்ணையும் முதலில் ஒரு சாளரத்திலும் பிறகு மற்றதிலும் நிறுத்த வேண்டும். இந்தச் சாளரங்கள் சிவப்பை உணராத பழைய பிலிம்களின் காலத்தில் வந்தவை. இன்றைய பிலிம்கள் சிவப்பையும் உணரும் என்பதால், சுற்றும்போது மட்டும், அதுவும் நிழலில், திறந்துவிட்டு மற்ற நேரத்தில் கருப்பு டேப்பால் மூடி வையுங்கள்.

கேள்வி: வாங்க நினைக்கும் ஹாசல்பிளாட்டுடன் ஏ24 என்று எழுதிய மேகசின் வருகிறது. 24 படம் எடுக்கலாமா?

அது 220 பிலிமுக்கானது. 1965-இல் வந்த 220-இல் நடுவே காகிதம் இல்லாததால் அதே ஸ்பூலில் இரட்டிப்பு நீளம் கொள்ளும். இப்போது அதைத் தேடிப் பிடிப்பது அரிது. 120-க்கான ஏ12 மேகசினைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை தெரிகிறது. வாங்கலாமா?

ஓரத்தில் ஓரிரு இழைகள் என்றால் படத்தில் தெரியாது. விலையைக் குறைத்துக் கேட்கலாம். நடுவில் படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள், ஏனெனில் பூஞ்சையைத் துடைத்தெடுத்த பிறகும் அது அரித்த பூச்சும் கண்ணாடியும் திரும்பாது. வாங்கிய கேமராவைத் தோல் உறையில் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வையுங்கள், ஆனால் அடிக்கடி எடுத்து இயக்குங்கள்.

கேள்வி: எல்லாம் பார்த்தாகிவிட்டது. முதல் உண்மையான ரோலில் என்ன எடுக்க வேண்டும்?

அழகான எதையும் எடுக்க வேண்டாம். அந்தப் பன்னிரண்டு படங்களையும் கேமராவை விசாரிக்கவே செலவிடுங்கள். ஐஎஸ்ஓ 100 கருப்பு-வெள்ளை நெகடிவ் பிலிம் போதும். கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, மேகம் குறுக்கிடாத வெயிலில் ஒரு சுவரை எடுங்கள்: 1/60-க்கு எஃப் 22, 1/125-க்கு எஃப் 16, 1/250-க்கு எஃப் 11, 1/500-க்கு எஃப் 8. நான்கிலும் ஒளியின் அளவு ஒன்றே என்பதால் நான்கு நெகடிவும் ஒரே அடர்த்தியில் வர வேண்டும். 1/500-இல் எடுத்தது மட்டும் மற்றவற்றைவிடக் கருமையாக, அதாவது அதிக ஒளி பட்டதாக இருந்தால், அந்த வேகம் உங்கள் கேமராவில் உண்மையில் 1/300 அளவில்தான் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு அதற்கேற்ப எடுக்கலாம். பழைய ஷட்டர்களில் உச்ச வேகம் இப்படிச் சோம்பியிருப்பது சாதாரணம்.

ஐந்தாவது, ஆறாவது படங்கள் ஃபோகஸுக்கு. அச்சடித்த தாள் ஒன்றை மேசையில் விரித்து, சாய்வான கோணத்தில் ஒன்றேகால் மீட்டர் தொலைவிலிருந்து, அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, நடுவில் பேனாவால் அடிக்கோடிட்ட ஒரு வரியில் ஃபோகஸ் செய்யுங்கள். நெகடிவில் அந்த வரிதான் கூர்மையாக இருக்கிறதா, அதற்கு முன்வரியா, பின்வரியா என்று பார்த்தால் கேமரா எவ்வளவு தள்ளிப் பார்க்கிறது என்பது தெரிந்துவிடும். ஏழாவது படத்தை மிகத் தொலைவில் உள்ள ஒரு கோபுரத்துக்கோ மலை விளிம்புக்கோ வைத்து, குமிழ் முடிவிலிக் குறியில் நிற்கும்போது அது தெளிவாக விழுகிறதா என்று பாருங்கள். எட்டாவதைக் கையில் பிடித்து 1/60-இல், ஒன்பதாவதை 1/30-இல் எடுங்கள். பத்தாவது படத்துக்கு முன் கேமராவின் எல்லாப் பக்கங்களையும் சில நிமிடம் வெயிலில் காட்டுங்கள். கசிவு இருந்தால் அப்போது உள்ளே நிற்கும் ஃபிரேமில் பிடிபடும். மிச்சம் இரண்டையும் உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன்.

ஒவ்வொன்றையும் அழுத்திய உடனே குறிப்பேட்டில் எண், வேகம், அப்பர்ச்சர், தொலைவு என்று எழுதிவிடுங்கள். அன்று மாலையே எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தால், ஏழாவது படமா எட்டாவது படமா என்று பிறகு உங்களோடு நீங்களே வாதாட நேரும். டெவலப் செய்யக் கொடுக்கும்போது நெகடிவைத் துண்டாக வெட்டாமல் முழு நீளமாகவே தரும்படி கேளுங்கள். அதை வெளிச்சமான சாளரத்தின் முன் தொங்கவிட்டு, படங்களைப் பார்ப்பதற்கு முன் படங்களுக்கு இடையே உள்ள வெற்று இடைவெளிகளை மேலிருந்து கீழாகப் பாருங்கள். அவை ஏறத்தாழ ஒரே அகலத்தில் இருந்தால் பிலிமை நகர்த்தும் பல்சக்கரங்கள் நலம், ஓரிடத்தில் நெருங்கி இன்னோரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அந்த நெகடிவையும் குறிப்பேட்டையும் கேமராவோடு சேர்த்தே பழுதுபார்ப்பவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.